ராஜு மாமாவின் குரலுக்காக ஒரு லேப்டாப்: ஈப்போவிலிருந்து பண்டமாரான் வரை

இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், புது லேப்டாப், புதுப் போன் என்று எங்கே கடை விரித்தாலும் நான் வேடிக்கை பார்க்கப் போய்விடுவேன். வாங்குவது அபூர்வம். கடைக்காரர்களைக் கேள்வி கேட்டே களைப்படையச் செய்துவிட்டு, ஒரே ஒரு கேபிள் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவள். போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மட்டும் நிஜமாகவே வாங்குவதற்காகக் கேஎல் போனேன். காரணம் என் அக்கா விமலாவின் வீட்டுக்காரர், ராஜு மாமா.

மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுசாக எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சரியான நேரத்தில் கண்டுபிடித்ததால் உயிருக்குப் பயமில்லை என்றும் சொன்னார்கள். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு பேச வேறு வழிகள் உண்டு; கருவி வைக்கலாம், பயிற்சி எடுக்கலாம். ஆனால் அவருடைய சொந்தக் குரல் திரும்ப வராது. மாமா போர்ட் கிள்ளானில் ஒரு கண்டெய்னர் லோரி யார்டில் கண்ட்ரோலர். எந்த லோரி துறைமுகத்தின் எந்த கேட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று நாள் முழுக்கப் போனில் டிரைவர்களை விரட்டுவதுதான் வேலை. பேசிப் பேசியே குடும்பத்தைக் காப்பாற்றிய மனுஷன்.

அக்கா போனில் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நீதான் எப்பப் பாத்தாலும் ஏஐ ஏஐன்னு பேசிக்கிட்டு இருக்கியே. இவரு குரலு போறதுக்குள்ள அதைப் புடிச்சு வைக்க முடியுமா, முடியாதா? ஒண்ணு சொல்லு."

முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

என் போனிலேயே அப்படி ஒரு வசதி இருக்கிறது. சில வாக்கியங்களை வாசித்துக் கொடுத்தால் அதைக் கேட்டுப் பழகிக்கொண்டு, பிறகு நாம் டைப் செய்வதையெல்லாம் நம் குரலிலேயே பேசும். அதன் மொழிப் பட்டியலில் ஆங்கிலம் உண்டு, சீனம் உண்டு, தமிழ் இல்லை. மாமா வீட்டில் ஆங்கிலம் பேச ஆரம்பித்தால் அக்கா மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவாள். இணையத்தில் தமிழ்க் குரல் செய்துகொடுக்கும் சேவைகள் இருக்கின்றன. ஆனால் அடுத்தவர் குரலில் போன் போட்டு ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்ட காலத்தில், மாமாவின் குரலை எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை வீட்டிலேயே ஓட்டலாம். அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் வேண்டும். என் பழைய லேப்டாப் படம் ஓட்டினாலே மூச்சு வாங்கும். புதுசு வாங்க எனக்கும் ஒரு சாக்குக் கிடைத்தது என்பதை மறைக்கவில்லை.

ஈப்போவிலிருந்து காலை மின்சார ரயில். டிக்கெட் நாற்பது ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல். வார இறுதி என்றால் சில நாள் முன்னாடியே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். உள்ளே ஏர்கோன் அநியாயத்துக்குக் குளிரும். ஜாக்கெட் இல்லாமல் ஏறிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். என் இருக்கைக்குப் பக்கத்தில் பிளக் இருந்தது, வேலையும் செய்தது. தஞ்சோங் மாலிம் தாண்டும்வரை தமிழில் குரல் செய்வது பற்றிய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஒன்பதரைக்கு, சென்ட்ரலை ஒட்டியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் இருந்தேன். கணினிக் கடைகள் பதினொரு மணிக்கு முன்னால் திறக்காது, அதனால் அவசரப்பட்டுப் போய்க் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஒரு தோசைக் கடையில் உட்கார்ந்தேன். நெய்த்தோசையும் நுரை பொங்கும் தேத்தாரே டீயும் எட்டு ரிங்கிட். எதிர் நாற்காலியில் ஓர் அண்ணன், வெள்ளைக் கம்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, போனைக் காதோரம் பிடித்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள், அதனால் இது அங்கே சாதாரணக் காட்சி. நடைபாதையில் மஞ்சள் கோடுகள் பதித்திருப்பதும் அவர்களுக்காகத்தான். போனிலிருந்து வந்த சத்தம் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"அண்ணே, அது தமிழா?" என்று கேட்டேன்.

"தமிழ்தான் லா. பேப்பர் படிக்குது," என்றார். "ஸ்பீடை ஏத்தி வச்சிருக்கேன். நார்மல்ல போட்டா ரொம்ப மரியாதையா, இழுத்து இழுத்துப் பேசும். அதைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள தோசை ஆறிப் போயிரும்."

வேகத்தைக் குறைத்துக் காட்டினார். உண்மைதான். சுத்தமான, அழுத்தம் திருத்தமான தமிழ். அப்படி யாரும் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டுக் கிளம்பினேன். அந்தச் சிரிப்பை அன்று சாயங்காலம் நானே திரும்ப யோசிக்க வேண்டி வரும் என்று அப்போது தோன்றவில்லை.

சென்ட்ரல் மோனோரயில் நிலையம் ரயில் நிலையத்துக்குள் இல்லை. பக்கத்து மால் வழியாக நடந்து போக வேண்டும், ஏழெட்டு நிமிடம் ஆகும். இம்பி நிலையத்தில் இறங்கினால் கணினி மால் கண்ணெதிரே. அடுக்கடுக்காகக் கடைகள், எல்லாருக்கும் ஒரே விளம்பரம், எல்லாரும் "மிஸ், லேப்டாப் வேணுமா?" என்று கூப்பிடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் எதையும் வாங்காமல் சுற்றுவது என் கொள்கை.

சுற்றியதில் என்ன பார்த்தேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடக்கும் போன்களில் நடுவில் இருந்த மடிப்புக் கோடு இப்போது கிட்டத்தட்டத் தெரியவே இல்லை. கையில் பிடிக்க ஆசையாக இருக்கிறது, விலையைப் பார்த்ததும் ஆசை தானாக அடங்கிவிடுகிறது. போன் கேமராக்கள் இரவை எல்லாம் பகலாக்குகின்றன. எனக்கு இரவு இரவாக இருந்தால் போதும். ஒரு புதுப் போனில், பேசப் பேசவே மொழிபெயர்க்கும் வசதி இருந்தது. அதனிடம், "நாளைக்குப் பாசார் போயிட்டு, வரும்போது மீ கோரெங் தாப்பாவ் பண்ணிட்டு வரேன் லா" என்று சாதாரணமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, "நாளைக்கு வருகிறேன்" என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னது. சந்தைக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸைப் பொட்டலமாக வாங்கி வரும் பொறுப்பை ஏற்கவில்லை.

லேப்டாப் வாங்கிய கடையில் நின்றவள் பெயர் ஷாமினி. முப்பது வயதிருக்கும், சுறுசுறுப்பான பெண்.

"இது ஏஐ லேப்டாப், அக்கா. ஸ்டிக்கர் பாருங்க."

"அந்த ஸ்டிக்கர் என்ன செய்யும்?"

"ஸ்டிக்கர் ஒண்ணும் செய்யாது லா. விலைய மட்டும் ஏத்தும்," என்று சிரித்தாள். "உங்களுக்கு எதுக்கு வேணும்? கேம்ஸா?"

ஒருவருடைய குரலைப் பத்திரப்படுத்த வேண்டும், வியாழக்கிழமைக்குப் பிறகு அவரால் பேச முடியாது என்று சொன்னேன். ஷாமினி கண்ணாடி அலமாரியைத் திறந்து, ஸ்டிக்கர் இல்லாத ஒரு கனமான லேப்டாப்பை எடுத்து வைத்தாள்.

"டெஸ்ட் மெஷின்ல பென்டிரைவ் போட விடமாட்டோம். நீங்க போட்டுக்குங்க. பாஸ் சாப்பிடப் போயிருக்காரு."

பென்டிரைவில் கொண்டுவந்திருந்த என் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். மெல்லிசான, அழகான ஏஐ லேப்டாப்பில் இதே வேலை ஊர்ந்தது. இந்தக் கனமானது சில நிமிடங்களில் முடித்தது. விசிறிச் சத்தம் மட்டும் பயங்கரம், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எடை இரண்டு கிலோவுக்கு மேல், சார்ஜரே செங்கல் கனம். விலை ஐயாயிரத்து முந்நூறு ரிங்கிட். ஒரு நல்ல மைக் நூற்று எண்பது. ஷாமினி ஒரு மௌஸை இலவசமாகப் பைக்குள் போட்டு, "உங்க மாமாவுக்கு நல்லாயிரும் அக்கா" என்று சொல்லி அனுப்பினாள்.

சென்ட்ரலுக்குத் திரும்பி, கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் பிடித்தேன். டிக்கெட் ஐந்து ரிங்கிட்டுக்கும் குறைவு, ஒரு மணி நேரப் பயணம். வார இறுதியில் வண்டிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழும், நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, அதில் எனக்கு உட்கார இடமும் கிடைத்தது. ஷா ஆலாம், பாடாங் ஜாவா தாண்டி, கிள்ளான் நிலையத்தில் இறங்கிச் செயலியில் கார் கூப்பிட்டேன். பண்டமாரானுக்கு ஆறேழு கிலோமீட்டர், பன்னிரண்டு ரிங்கிட். டிரைவர் அங்கிள் ஒரு தமிழர்.

"பண்டமாரான்ல எங்கம்மா? இந்த நேரத்துல எல்லா லோரியும் யார்டுக்குத் திரும்பும். கொஞ்சம் லேட் ஆவும், கோவிச்சுக்காத," என்றார். ஆனது. கண்டெய்னர் லோரிகளுக்கு நடுவில் எங்கள் சின்னக் கார் ஊர்ந்து போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம்.

அக்கா வீடு வரிசை வீடுகளில் ஓரத்து வீடு. கேட்டைத் திறந்ததும் மாமா வந்தார். மூன்று மாதமாகவே குரல் கரகரத்துத்தான் இருந்தது. டாக்டர் ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார். மாமா காலையிலிருந்து வாயே திறக்காமல் அந்த அரை மணியை எனக்காகச் சேர்த்து வைத்திருந்தார்.

மைக்கை மேசையில் வைத்தேன். மென்பொருளோடு வந்த தமிழ் வாக்கியங்களைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டேன். "கொஞ்சம் இரு," என்று சைகை காட்டிவிட்டு மாமா உள்ளே போனார். திரும்பி வரும்போது இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களிடம் ஒரு மைக்கையும் அச்சடித்த தமிழையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்து மேடை ஏற்றிய ஆசிரியர்கள் எல்லாரும் உடனே பின்னால் வந்து நின்றுகொள்வார்கள். முதுகு நிமிரும், நெஞ்சு விரியும், ஒவ்வொரு ழகரமும் உருளும். எனக்கும் அப்படித்தான். மாமாவோ மாநில அளவில் கோப்பை வாங்கியவர், கோயில் ஆண்டுக் கூட்டத்தில் நன்றியுரை அவருடையதுதான். "மலையடிவாரத்தில் மழை பொழிந்துகொண்டிருந்தது" என்ற வாக்கியத்தை, கரகரத்த தொண்டையிலும், தலைமை ஆசிரியர் முன்னால் நிற்பவரைப் போல வாசித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு தெளிவு என்று நினைத்துக்கொண்டு முழு அரை மணியும் ஓட விட்டேன்.

லேப்டாப் விசிறி இரைந்து ஓய்ந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். மாமா தினமும் சொல்லும் வார்த்தையையே டைப் செய்தேன்: "விமலா, சோறு போடு."

மாண்புமிகு அமைச்சரைக் குத்துவிளக்கேற்ற அழைக்கும் தோரணையில் அது அக்காவைச் சோறு போட அழைத்தது.

அக்கா வெடித்துச் சிரித்தாள். மாமாவும் தோள் குலுங்கச் சிரித்தார். நான் இன்னும் இரண்டு மூன்று வாக்கியங்கள் போட்டேன். எல்லாமே மேடைப் பேச்சு. மெல்ல அக்காவின் சிரிப்பு நின்றது.

"இது யாரு?" என்றாள். "கோயில் கூட்டத்துல பேசுற ஆளு இது. நான் இந்த ஆளோட குடும்பம் நடத்தல."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பிரிக்பீல்ட்ஸ் அண்ணனின் போனில் கேட்ட அதே மரியாதைத் தமிழ். அதை மாமாவின் தொண்டையிலிருந்து நானே எடுத்திருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. நாளைக்கு வேறு மாதிரி எடுக்கலாம், சும்மா பேச வைக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மாமாவுக்குக் குரலே எழும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. மேடைப் பேச்சுக்குத் தொண்டையைக் கொடுத்ததில் இருந்ததும் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்குள் திரும்புமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டோம், கட்டாயப்படுத்தாதீர்கள் என்றார். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மாமா என் தோளைத் தட்டிவிட்டு, ரொட்டி சானாய் வாங்கி வருகிறேன் என்று சைகையில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து மணி வாக்கில் மாமாவைப் பார்க்க அவருடைய டிரைவர் ஒருவர் வந்தார். பெயர் குணா, மாமாவிடம் பல வருடமாக லோரி ஓட்டுகிறவர். ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, பேச முடியாத மனிதரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"அண்ணே, இதைக் கேளுங்க. ஞாபகம் இருக்கா?"

போனிலிருந்து மாமாவின் குரல் வந்தது. கரகரப்பு இல்லாத, முழுக் குரல்.

"டேய் குணா! அந்த கேட்டுக்குப் போகாதன்னு எத்தனை தடவ சொல்றது? ஜாம் தெருக் லா அங்க, வண்டி நவுராது! பூலாவ் இண்டா பக்கமா பூசிங் பண்ணி, சுத்தி வா. சாப்பிட்டியா இல்லியா? மொதல்ல எதையாச்சும் தாப்பாவ் பண்ணிக்க. தூக்கம் வந்தா லோரிய ஓரமா போட்டுப் படு, ஹீரோ வேலை காட்டாத!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

லோரி ஓட்டும்போது மெசேஜ் படிக்க முடியாது. அதனால் அந்த யார்டில் எல்லாமே வாய்ஸ் நோட்தான், குணா விளக்கினார். மாமா அனுப்பிய கையோடு தன் போனிலிருந்து அழித்துவிடுவார், இடம் போதாது என்று. டிரைவர்கள் யாரும் அழித்ததில்லை, சோம்பேறித்தனம்தான். "எம்போன்ல மூணு வருசத்துது கெடக்கும். எல்லாம் திட்டுதான்," என்றார் குணா.

எனக்கு வேண்டும் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். உடனே யார்டு குரூப்பில், "ராஜு அண்ணே திட்டுனது யார்கிட்டெல்லாம் இருக்கோ, எல்லாத்தையும் இந்த அக்கா நம்பருக்கு அனுப்புங்கடா, அவசரம்" என்று அவரே ஒரு வாய்ஸ் நோட் போட்டார். அடுத்த அரை மணியில் என் போன் நடுங்கி நடுங்கி மேசையை விட்டு விழப் பார்த்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, தான் திட்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். சிலவற்றுக்குச் சிரித்தார். ஒன்றைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்; விபத்தில் போய்விட்ட ஒரு டிரைவருக்கு அனுப்பியது, அவருடைய தம்பி அனுப்பியிருந்தார்.

வேலை எளிதாக இல்லை. பின்னால் லோரி ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம், கண்டெய்னர் இறங்கும் இடி. சத்தத்தை வடிகட்ட ஒரு மென்பொருள், நறுக்க ஒன்று, எழுத்தாக்க ஒன்று. எழுத்தாக்கும் மென்பொருள் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் தடுமாறியது, பாதியை நானே கையால் அடித்தேன். இந்த இடத்தில் அந்தக் கன லேப்டாப் தன் விலையை நியாயப்படுத்தியது என்று சொல்ல வேண்டும். மத்தியானம் முழுக்க ஓடியது, தொட முடியாத சூடு, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நாலு மணிக்கு மறுபடி அதையே டைப் செய்தேன்: "விமலா, சோறு போடு."

மாமாவின் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் தவறான கேட்டுக்குப் போன டிரைவரை விரட்டும் குரல். எதை டைப் செய்தாலும் அப்படித்தான் வந்தது. "நல்லாயிருக்கியா" என்பதுகூடத் திட்டாக விழுந்தது.

"குரலு இவருதுதான்," என்றாள் அக்கா. "ஆனா இது டிரைவருங்களுக்குப் பேசுற குரலு. வீட்டுல எங்கிட்ட இப்படிப் பேசமாட்டாரு."

"உனக்கு அனுப்புன வாய்ஸ் நோட் ஒண்ணாவது இருக்கா?"

"பக்கத்துலயே இருக்கிறவருக்கு எதுக்குடி வாய்ஸ் நோட்டு?"

மாமா கையை உயர்த்தி, போதும் என்று காட்டினார். எப்படி உபயோகிப்பது என்று அவருக்குக் காட்டினேன்: போனில் டைப் செய்தால், கூடத்தில் இருக்கும் லேப்டாப் பேசும். லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு, கையில் காலிப் பெட்டியோடு ஈப்போ திரும்பினேன். வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

இதே மாதிரி வேலைக்காகப் பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை. கடைக்கு உங்கள் சோதனையைப் பென்டிரைவில் கொண்டு போங்கள், மெல்லிசான உடம்பையும் ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். கன லேப்டாப்போடு கொமுட்டரில் போவதாக இருந்தால் தோள்பை முக்கியம், கைப்பையில் தூக்கிப் போய் எனக்கு இரண்டு நாள் தோள் வலித்தது. குரலைப் பதிவு செய்வதற்கு முன் டாக்டரிடம் எவ்வளவு நேரம் பேசலாம் என்று கேளுங்கள், சம்பந்தப்பட்டவரின் முழுச் சம்மதத்தோடு செய்யுங்கள், கோப்புகளை யாருக்கும் அனுப்பாதீர்கள். எழுதி வைத்த வாக்கியங்களை வாசிக்கக் கொடுக்காதீர்கள். எதிரே ஓர் ஆளை உட்கார வைத்துப் பேச விடுங்கள், சண்டை போடக்கூடிய ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. முக்கியமாக, நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்திலேயே இருக்கிறவர்களிடமும் இன்றைக்கே ஒரு வாய்ஸ் நோட் வாங்கி வையுங்கள். நான் வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் செய்தேன். என் வீட்டுக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார்.

மாமா வீடு திரும்பிச் சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி பண்டமாரான் போனேன். அதே ரயில், அதே கொமுட்டர். வீட்டில் டிவிகூட ஓடவில்லை. மாமா கழுத்தில் மெல்லிய துணியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை. வந்து போகிறவர்கள் எல்லாரும் அவரிடம் கிசுகிசுத்தார்கள். அக்காவோ, குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி, "மருந்து... போட்டாச்சா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் வாய்ச்சண்டை போடாத நாளை நான் பார்த்ததில்லை.

லேப்டாப் மூடிக் கிடந்தது, மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. "ஏன்?" என்று கேட்டேன். "அது திட்டுற மாதிரியே இருக்குடி. ஒடம்பு சரியில்லாத மனுசன், எதுக்கு அது," என்று சொல்லிவிட்டு அக்கா சப்பாத்திக்கு மாவு பிசைய அடுப்படிக்குப் போனாள்.

நான் துண்டை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக டைப் செய்தார். என்னிடம் காட்டவில்லை. பொத்தானை அமுக்கினார்.

"விமலா! என் சார்ஜரை எங்க வச்ச?"

வீடே அதிர்ந்தது.

"டிவிக்குப் பின்னாடி பாருங்க!" என்று அடுப்படியிலிருந்து அக்கா கத்தினாள். "கை மாவா இருக்கு எனக்கு. எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அக்கா மாவுக் கையோடு வாசலில் வந்து நின்றாள். மாமா தலையைத் தூக்காமல் டைப் செய்துகொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"நான் எங்கடி கத்துனேன்?" என்று லேப்டாப் கத்தியது.

அக்கா மாவுக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. மாமா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சார்ஜரை நான்தான் டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.